பழகுகிற கைக்கும் கூலி உண்டு



மே மாதம் முதலாம் நாள் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாள். உலகமெங்கும் தொழிலாளர் தினமாகக் கொண்டாடப்படும் அந்த நாளைத் திருச்சபையும் தன் நாளாக்கிக் கொள்ள வேண்டுமென்று விரும்பிய 12ஆம் பத்திநாதர் பாப்பரசர், 1955ஆம் ஆண்டில் இத்திருநாளை ஏற்படுத்தினார். அன்று நாம் சூசையப்பரின் சுரூபத்துக்கு மாலையிட்டு, தொழில் செய்யும் கைகளை ஆசீர்வதிக்கும்படி மன்றாடுகிறோம். அது நல்ல வழக்கம்.

இந்த ஆண்டு அந்தத் திருநாளை முன்னிட்டு உங்கள் முன் ஒரு கேள்வியை வைக்கிறேன். தொழில் தெரிந்தவனுக்குக் கூலி கொடுக்க வேண்டும் என்பதை நம்மில் எவரும் மறுப்பதில்லை. தொழில் பழக வருகிற பிள்ளைக்கு? அதுவும் அந்தப் பிள்ளை ஏழை வீட்டுப் பெண்பிள்ளையாக இருந்தால்?

சில காலத்துக்கு முன் திருகோணமலை நகரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தபோது, சாம்பல்தீவிலிருந்து வந்திருந்த ஒரு தாய் என்னிடம் ஒரு கடிதத்தை நீட்டினார். அவருடைய மூத்த மகளுக்கு ஓர் இடத்தில் தொழிற்பயிற்சி கிடைத்திருந்தது. ஆறு மாதப் பயிற்சி. வாரத்தில் ஆறு நாட்கள், காலை எட்டு மணி முதல் மாலை ஐந்து மணி வரை. சம்பளம் கிடையாது. பஸ் காசும் மதியச் சோறும் பிள்ளையின் பொறுப்பு. உடுப்பும் சப்பாத்தும் வீட்டார் வாங்கிக் கொடுக்க வேண்டும்.

“சுவாமி, பிள்ளைக்கு நல்ல விருப்பம். ஆனால் ஆறு மாதத்துக்கு நான் எங்கே போக? தகப்பன் இல்லை. இவளுக்குக் கீழே ரெண்டு பேர் படிக்கினம். இவள் கருவாட்டு வாடியில் நின்றால் நாளுக்கு ஏதோ வரும். நீங்களே சொல்லுங்கோ, நான் எதை விட?” என்று கேட்டார்.

அந்தப் பிள்ளை பயிற்சிக்குப் போகவில்லை. அந்த இடத்துக்கு வேறொரு பிள்ளை போயிருக்கும். ஆறு மாதம் வீட்டிலிருந்தே சோறு கட்டிக்கொண்டு போகக் கூடிய பிள்ளை. அவள் மேல் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் சம்பளமில்லாத பயிற்சி எப்படி வேலை செய்கிறது என்பதை அன்று நான் கண்ணால் கண்டேன். எல்லோரும் வரலாம் என்றுதான் விளம்பரம் சொல்கிறது. வருவதற்கு வசதி உள்ளவர்கள்தான் வருகிறார்கள். எந்தப் பிள்ளைக்குத் தொழில் மிகவும் தேவையோ, அந்தப் பிள்ளை வாசற்படியிலேயே நின்று திரும்பிப் போகிறாள்.

பிரியமானவர்களே, புனித மத்தேயு நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் சொன்ன உவமையை நினைத்துப் பாருங்கள். வீட்டுத் தலைவர் ஒருவர் தம் திராட்சைத் தோட்டத்துக்கு வேலையாட்களைத் தேடி விடியற்காலையில் போகிறார். பின்பு காலை ஒன்பது மணிக்கும், நண்பகலிலும், பிற்பகல் மூன்று மணிக்கும் போகிறார். கடைசியாகப் பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போதும் சந்தைவெளிக்குப் போகிறார். அங்கே இன்னும் சிலர் நிற்கிறார்கள். நாள் முழுவதும் ஏன் வேலையின்றி நிற்கிறீர்கள் என்று கேட்கிறார். தங்களை எவரும் வேலைக்கு அமர்த்தவில்லை என்று அவர்கள் சொல்கிறார்கள்.

இந்த உவமை இறைவனின் அளவற்ற இரக்கத்தைப் பற்றியது என்பதை நாம் அறிவோம். ஆயினும் அந்தக் கடைசி மனிதர்களின் பதிலை ஒரு கணம் கவனியுங்கள். அவர்கள் சோம்பேறிகள் அல்ல. விடியற்காலை முதல் அங்கேதான் நின்றார்கள். கூப்பிடுவார் இல்லை, அவ்வளவுதான். வீட்டுத் தலைவர் அவர்களைக் கண்டித்தாரா? இல்லை. உடனே தோட்டத்துக்கு அனுப்பினார். மாலையில் அவர்களுக்கும் ஒரு முழு நாட்கூலியைக் கொடுத்தார். ஒரு மணி நேரம் வேலை செய்தவனின் வீட்டிலும் அன்று முழுப் பசிதான் இருக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இன்று நம் சந்தைவெளியில் நிற்பவர்கள் யார்? சாம்பல்தீவையே எடுத்துக்கொள்வோம். திருகோணமலை நகரிலிருந்து வடக்கே, உப்புவெளிக்கும் நிலாவெளிக்கும் இடையில், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் களப்பும் வயலுமாக அமைந்த ஊர் அது. போர் பல முறை அந்த வீதியோர மக்களை இடம்பெயரச் செய்தது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை அந்தக் கரையைத் தாக்கியது. 2009இல் போர் முடிந்தபின் அதே கரையில் உல்லாச விடுதிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. புறாத்தீவைப் பார்க்க வெளிநாட்டார் வருகிறார்கள். தெற்கே துறைமுகம் இருக்கிறது. சீனக்குடாவில் மாவு ஆலை இருக்கிறது. சீமெந்து ஆலை இருக்கிறது. சமையல், கணக்கு, வரவேற்பு, மின்சார வேலை, குளிரூட்டி திருத்துதல், படகு எஞ்சின் திருத்துதல் என்று பழகிய கைகளுக்கு அந்தக் கரையோரத்தில் வேலை உண்டு. பழகாத கை பழகுவதற்குத்தான் இடமில்லை.

நாடு முழுவதையும் பார்த்தாலும் இதே நிலைதான். இலங்கையில் வேலை செய்யும் வயதிலுள்ள ஆண்களில் பத்துக்கு ஏழு பேரளவில் தொழிலில் இருக்கிறார்கள், அல்லது தொழில் தேடுகிறார்கள். பெண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர்தான் அப்படி. சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் தவறிய பிள்ளை, உயர்தரம் முடித்தும் பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதாத பிள்ளை, போரில் தகப்பனை இழந்த வீட்டின் பிள்ளை, உடலில் ஊனமுற்ற பிள்ளை, மூதூர் வெருகல் பக்கத்தில் வாழும் வேடர் மரபுக் குடும்பத்துப் பிள்ளை, இவர்களெல்லாம் பொழுது சாயும்வரை சந்தைவெளியில் நிற்பவர்கள். கடைசியில் சில பெண்கள் மத்திய கிழக்குக்கு வீட்டுப் பணிப்பெண்ணாகப் போகிறார்கள். சிலர் நுண்கடன் கொடுக்கும் கொம்பனிகளிடம் கடன்பட்டு வாரந்தோறும் தவணை கட்டத் திண்டாடுகிறார்கள். “இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உழைக்க மனமில்லை” என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். வீட்டுத் தலைவர் கேட்டதுபோல் நாம் அவர்களிடம் கேட்டிருக்கிறோமா? கேட்டால் அதே பதில்தான் வரும்.

“பழக வருகிற பிள்ளைக்கு ஏன் சம்பளம்? தொழிலைச் சொல்லிக் கொடுப்பதே பெரிய உதவி அல்லவா? அதுவும் நம்முடைய ஊர்ப்பிள்ளைதானே!” என்று சிலர் கேட்கலாம். இதற்கு வேதாகமத்தில் ஒரு விசித்திரமான மனிதனிடமிருந்து பதில் கிடைக்கிறது. ஆதியாகமம் 29ஆம் அதிகாரத்தில் யாக்கோபு தன் மாமன் லாபானிடம் வந்து சேர்கிறான். லாபான் நல்லவன் அல்ல. பின்னாளில் யாக்கோபின் கூலியைப் பத்து முறை மாற்றியவன். அப்படிப்பட்டவனும்கூட, உறவினன் என்பதற்காக ஒருவனிடம் இலவசமாக வேலை வாங்குவது முறையல்ல என்று முதலில் ஒப்புக்கொண்டு, கூலி என்னவென்று யாக்கோபிடமே கேட்கிறான். லாபானுக்குத் தெரிந்த நியாயம் நமக்குத் தெரியாமல் போகலாமா? “நம்ம பிள்ளைதானே” என்ற சொல் அன்பின் சொல். அதைக் கூலி கொடுக்காமல் தப்பும் சொல்லாக நாம் ஆக்கிவிடக் கூடாது.

நாசரேத்தூரையும் பாருங்கள். நம் ஆண்டவரை மக்கள் தச்சன் என்றே அறிந்திருந்தார்கள். சூசையப்பரின் பட்டறையில் அவர் உளி பிடிக்கப் பழகிய நாட்கள் எத்தனையோ. முதல் நாளிலேயே நேராக மரம் இழைத்திருப்பாரா? பலகை பழுதாகியிருக்கும், நேரம் வீணாகியிருக்கும். ஆனாலும் பழகிய காலம் முழுவதும் அந்தப் பிள்ளைக்கு வீட்டில் அப்பம் இருந்தது. தகப்பனுடைய பட்டறையில் பழகும் பிள்ளைக்குச் சோறு தகப்பன் வீட்டில் இருக்கிறது. பிறர் பட்டறைக்குப் போகும் ஏழைப் பிள்ளைக்கு அந்தச் சோறு எங்கிருந்து வரும்? பழகுநருக்குக் கொடுக்கும் படி என்பது அந்தச் சோறுதான்.

பெண்பிள்ளைக்கு எதற்குத் தொழில் என்று கேட்பவர்களும் இன்னும் இருக்கிறார்கள். அப்போஸ்தலர் பணி நூலின் 18ஆம் அதிகாரத்தில் புனித சின்னப்பர் கொரிந்து நகரில் ஒரு வீட்டில் தங்கிக் கூடாரத் தொழில் செய்கிறார். அந்தத் தொழிலைச் செய்தவர்கள் அக்கில்லா என்ற கணவனும் பிரிசில்லா என்ற மனைவியும். அதே நூலில் லீதியாள் என்ற பெண் செந்நிற ஆடை வியாபாரம் செய்கிறாள். திருகோணமலையைப் போலத் துறைமுகமாயிருந்த யோப்பா நகரில் தொற்காள் என்ற பெண் ஆடைகள் தைக்கிறாள். அவள் இறந்தபோது விதவைகள் அவள் தைத்த உடுப்புகளைக் காட்டி அழுதார்கள். கைத்தொழில் தெரிந்த பெண்கள் தாங்கிய வீடுகளில்தான் நம் ஆதித் திருச்சபை வளர்ந்தது.

திருச்சபையின் போதனையும் இதில் தெளிவாகவே இருக்கிறது. நம் முன்னோர் சிங்கராயர் என்று அழைத்த 13ஆம் லியோ பாப்பரசர் 1891ஆம் ஆண்டில் தொழிலாளரைப் பற்றிய தம் சுற்றுமடலை வெளியிட்டார். வறுமையின் நெருக்கடியால் ஒருவன் குறைந்த கூலிக்குச் சம்மதித்துவிட்டான் என்பதற்காக அந்தக் கூலி நீதியாகிவிடாது என்று அதில் கற்பித்தார். “அவள் சம்மதித்துத்தானே வந்தாள்” என்று சொல்பவர்களுக்கு அது போதிய பதில். 1981ஆம் ஆண்டில் 2ஆம் அருளப்பர் சின்னப்பர் பாப்பரசர் மனித உழைப்பைப் பற்றி எழுதியபோது, ஒரு சமுதாயம் நீதியானதா என்று அறிய அங்கே கொடுக்கப்படும் கூலியைப் பார்க்க வேண்டும் என்ற கருத்தை முன்வைத்தார். இன்றைய பாப்பரசர் 2025ஆம் ஆண்டு தெரிவு செய்யப்பட்டபோது 14ஆம் லியோ என்ற பெயரை எடுத்துக்கொண்டதும், அந்த 1891ஆம் ஆண்டுச் சுற்றுமடலை நினைவில் கொண்டே. வேலையாளின் கூலியை நிறுத்தி வைப்பது வானத்தை நோக்கிக் கூக்குரலிடும் பாவங்களில் ஒன்று என்று நாம் சிறுவயதில் ஞானோபதேச வகுப்பில் மனனம் செய்திருக்கிறோம். வயது முதிர்ந்தபின் அதை மறந்துவிடுவது ஏனோ?

போதனை மட்டுமா? செய்து காட்டியவர்களும் இருக்கிறார்கள். இத்தாலியின் தூரின் நகரில் வேலை தேடி அலைந்த ஏழைச் சிறுவர்களுக்குத் தந்தையாக இருந்த புனித தொன் பொஸ்கோவை நீங்கள் அறிவீர்கள். அவர் சிறுவர்களுக்குச் செபமாலை சொல்லிக் கொடுத்ததோடு நிற்கவில்லை. அவர்களை வேலைக்கு எடுக்கும் முதலாளிமாரிடம் சென்று எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொண்டார். 1852ஆம் ஆண்டு பெப்ரவரி 8ஆம் நாள் ஒரு தச்சு மேஸ்திரியாருடன் எழுதிய ஒப்பந்தம் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. இரண்டு ஆண்டுகளில் அந்தச் சிறுவனுக்குத் தொழிலை முழுமையாகக் கற்பிக்க வேண்டும். தொழிலுக்குப் புறம்பான எடுபிடி வேலைகளை வாங்கக் கூடாது. தவறு செய்தால் வாயால் திருத்தலாம், கை நீட்டக் கூடாது. திருநாட்களில் விடுமுறை கொடுக்க வேண்டும். இவற்றோடு, தொடக்கத்திலிருந்தே நாட்கூலி கொடுக்க வேண்டும். தொழில் தேறத் தேற அதைப் படிப்படியாக உயர்த்த வேண்டும். பழகும் சிறுவனுக்கும் உரிமை உண்டென்று ஒரு குருவானவர் எழுத்தில் எழுதி வைத்தது இப்படித்தான்.

பெண்பிள்ளைகளுக்காக அதே வழியில் நடந்தவர் புனித மரிய தொமினிக்கா மசரெல்லோ. மொர்னேசே என்ற சிற்றூரின் விவசாயக் குடும்பத்துப் பெண். 1860இல் கடும் காய்ச்சலால் படுத்தெழுந்தபின் வயலில் வேலை செய்யும் பலம் அவருக்கு இல்லை. சோர்ந்து போகாமல், தோழி ஒருத்தியோடு ஊர்த் தையற்காரரிடம் போய்த் தொழில் பழகினார். தாம் பழகியதை ஊரின் ஏழைச் சிறுமிகளுக்குக் கற்பித்தார். அந்தச் சிறிய தையல் அறையிலிருந்துதான் 1872ஆம் ஆண்டில் சலேசியக் கன்னியர் சபை பிறந்தது.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். நம் கிழக்கு மண்ணிலேயே யேசு சபைக் குரு வண. யூஜின் ஹேபர்ட் அடிகளாரை முதியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அமெரிக்காவிலிருந்து வந்தவர். திருகோணமலை புனித சூசையப்பர் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கியவர். பிற்காலத்தில் மட்டக்களப்பில் யேசு சபையார் நடத்திய தொழில்நுட்பப் பயிற்சி நிறுவனத்தில் இளைஞர்களுக்குத் தொழில் கற்பிக்கும் பணியில் ஈடுபட்டார். போர்ச் சூழலில் 1990ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் நாள், தேவமாதாவின் விண்ணேற்புத் திருநாளன்று, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் காணாமற்போனார். ஏழைப் பிள்ளையின் கையில் ஒரு தொழிலை வைப்பது குருத்துவப் பணிதான் என்று அவர் வாழ்ந்து காட்டினார்.

நாட்டின் சட்டமும் இதற்குத் துணை நிற்கிறது. தொழில் பழகுநருக்கென இலங்கையில் 1971ஆம் ஆண்டிலேயே 49ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின்படி தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபை ஏற்படுத்தப்பட்டது. நைட்டா என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். தொழில் தருபவரும் பழகுநரும் ஒப்பந்தம் எழுதி, வேலைத்தலத்திலேயே தொழில் கற்கும் முறை இதன் வழியாக உண்டு. பயிற்சியை முடித்துப் பரீட்சையில் தேறினால் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் கிடைக்கும். தாய்மாருக்கும் ஒரு செய்தி: பத்துப் பதினைந்து ஆண்டுகள் வீட்டில் தைத்தோ சமைத்தோ தொழில் தேறியவர்கள், வகுப்புக்குப் போகாமலே தம் திறமையை மதிப்பிடச் செய்து அதே சான்றிதழைப் பெறவும் வழி இருக்கிறது. எத்தனை குடும்பங்களுக்கு இது தெரியும்?

இப்போது தொழில் நடத்தும் சகோதரர்களிடம் வருகிறேன். உங்கள் கஷ்டத்தை நான் அறியாதவன் அல்ல. தையற்கடை வைத்திருக்கும் ஒரு சகோதரி இப்படிக் கேட்கலாம்: “சுவாமி, பழக வந்த பிள்ளை முதல் மாதம் துணியைப் பழுதாக்கும். நான் என் வேலையை விட்டுச் சொல்லிக் கொடுக்க வேணும். தொழில் தெரிந்தவுடன் வேறு கடைக்குப் போய்விடும். இதுக்குள்ளே சம்பளமும் கொடுக்கச் சொன்னால் எப்படி?” இது நியாயமான கேள்வி. 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் நூலின் விலையும் மின்சாரக் கட்டணமும் ஏறியபோது சிறு கடைக்காரர் பட்ட பாடு நமக்குத் தெரியும்.

அதனால்தான் தொன் பொஸ்கோவின் ஒப்பந்தத்தைச் சொன்னேன். முழுச் சம்பளத்தை முதல் நாளே கொடுக்க அவர் கேட்கவில்லை. குறைவாகத் தொடங்கி ஏறிச் செல்லும் கூலியைக் கேட்டார். பஸ் காசும் மதியச் சாப்பாடுமாவது முதல் நாளிலிருந்து இருக்கட்டும். மூன்றாம் மாதம் பிள்ளை பொத்தான் தைத்து, ஓரம் அடிக்கத் தொடங்கும்போது அந்த உழைப்புக்கு ஒரு பங்கு கொடுங்கள். தனியே ஒரு சட்டை வெட்டித் தைக்கும் நாளில் அதற்குரிய கூலியைக் கொடுங்கள். இலவசமாக வைத்துக்கொள்ளும் பிள்ளைதான் தொழில் தெரிந்தவுடன் ஓடும். மதித்துக் கொடுத்த கையை அவ்வளவு எளிதில் விட்டுப் போகாது.

பெரிய விடுதிகளையும் ஆலைகளையும் நடத்துபவர்களுக்கு இந்தச் சாக்கும் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை புதிய பயிலுநரை எடுத்து, நிரந்தர வேலையாள் செய்ய வேண்டிய வேலையை அவர்களைக் கொண்டு இலவசமாகச் செய்வித்து அனுப்பிவிடுவது பயிற்சி ஆகாது. கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டில் நடந்ததை எச்சரிக்கையாகச் சொல்கிறேன். கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் ஏழைக் கிராமத்து இளம்பெண்களைப் பயிலுநர் என்று சேர்த்தார்கள். மூன்று ஆண்டு முடிவில் கலியாணச் செலவுக்கு ஒரு மொத்தத் தொகை தருவதாகச் சொன்னார்கள். பல பெண்கள் ஆலை விடுதிக்குள்ளேயே அடைபட்டு, நீண்ட நேரம் உழைத்து, நோயுற்று, ஆண்டு முடியுமுன் வெளியேறியதால் அந்தத் தொகையை இழந்தார்கள். பழகுநர் என்ற நல்ல பெயரின் கீழ் எவ்வளவு அநீதி நடக்கலாம் என்பதற்கு இது சான்று. ஆகவே படி மாதந்தோறும் கையில் கிடைக்க வேண்டும். என்ன தொழில், எத்தனை மாதம், எந்த நேரம், எவ்வளவு படி, முடிவில் என்ன சான்றிதழ் என்ற ஐந்தும் எழுத்தில் இருக்க வேண்டும். எழுத மறுக்கும் இடத்துக்குப் பிள்ளையை அனுப்பாதீர்கள்.

பெற்றோரே, பெண்பிள்ளையை வெளியே அனுப்ப நீங்கள் பயப்படுவது இயல்பு. அந்தப் பயத்தை நான் ஏளனம் செய்யமாட்டேன். ஆனால் பயத்துக்கு மருந்து பிள்ளையைப் பூட்டி வைப்பதல்ல. போய் அந்த இடத்தைப் பாருங்கள். அங்கே வேறு பெண்கள் வேலை செய்கிறார்களா, இருட்டுமுன் வீடு திரும்ப பஸ் உண்டா, முறையிடுவதற்குப் பொறுப்பான ஒருவர் இருக்கிறாரா என்று கேளுங்கள். வேலைத்தலத்தில் பெண்ணைத் தொல்லைப்படுத்துவது 1995ஆம் ஆண்டு முதல் நம் நாட்டுத் தண்டனைச் சட்டக் கோவையில் குற்றம் என்பதைப் பிள்ளைக்குச் சொல்லி அனுப்புங்கள். தையல், அழகுக்கலை என்று மட்டும் அவள் கனவைக் குறுக்காதீர்கள். கை நடுங்காமல் ஊசியில் நூல் கோர்ப்பவளுக்கு மின்கம்பி இணைக்கவும் கணினி திருத்தவும் முடியாதா? ஆண்பிள்ளையின் படிப்புக்குக் கடன் வாங்கும் நாம், பெண்பிள்ளையின் பயிற்சிக்குப் பஸ் காசு கணக்குப் பார்ப்பது சரியா?

பிள்ளைகளே, உங்களிடமும் ஒரு வார்த்தை. கூலி உங்கள் உரிமை. அந்தக் கூலிக்குரிய உண்மையும் உங்களிடம் இருக்க வேண்டும். நேரத்துக்குப் போங்கள். தெரியாததைக் கேளுங்கள். பழுதானால் ஒளிக்காமல் சொல்லுங்கள். உங்களுக்குத் தொழில் சொல்லித் தந்தவரை வாழ்நாள் முழுவதும் மதியுங்கள். நாளை நீங்கள் கடை வைக்கும்போது பழக வரும் முதல் பிள்ளையை இன்றைய உங்கள் நிலையை நினைத்து நடத்துங்கள்.

கடைசியாக, நம்மைப் பற்றி. பங்குகளும் நிறுவனங்களுமாகிய நாம் இதில் குற்றமற்றவர்கள் அல்ல. பாலர் பாடசாலையில் பிள்ளைகளைப் பார்க்கும் இளம் ஆசிரியைக்கும், காரியாலயத்தில் கடிதம் அடித்துத் தரும் பிள்ளைக்கும் “இது கோவில் வேலைதானே” என்று சொல்லி வெறுங்கையோடு அனுப்பிய நாட்கள் உண்டு. முதலில் நம் வீட்டைச் சுத்தம் செய்வோம்.

இன்னுமொன்று. அந்தச் சாம்பல்தீவுத் தாய் அன்று என்னிடம் கேட்டபோது நான் என்ன சொன்னேன் தெரியுமா? “பிள்ளையை அனுப்புங்கோ, ஆண்டவர் பார்த்துக்கொள்வார்” என்று சொல்லி, தலையில் கைவைத்து ஆசீர்வதித்து அனுப்பினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் கடிதத்தை மடித்துக்கொண்டு போனார். பல நாட்களுக்குப் பின், பிள்ளை போகவில்லை என்று அறிந்தேன். அன்றிரவு புனித யாகப்பர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தைத் திறந்தேன். உடுப்பும் உணவும் இல்லாத சகோதரிக்கு ஒன்றும் கொடுக்காமல், சமாதானமாய்ப் போ, குளிர் காய்ந்து பசியாறு என்று வாயால் மட்டும் சொல்பவனைப் பற்றி அவர் எழுதுகிறார். அந்த மனிதன் நான்தான். இந்தப் பிரசங்கத்தை எழுதத் தூண்டியது அந்த இரவுதான்.

ஆறு மாதப் பஸ் காசும் மதியச் சோறும் ஒரு தாய்க்குத் தாங்க முடியாத பாரம். இருபது குடும்பங்களுக்கு அது பாரமா? தபசு காலத்தில் நாம் ஒறுத்துச் சேர்க்கும் பணத்திலும், வின்சென்ட் தே போல் சபையின் நிதியிலும், திருநாள் வெடி வாணச் செலவிலும் ஒரு பகுதியை ஒதுக்கி, ஒவ்வொரு பங்கும் ஆண்டுக்கு இரண்டு பிள்ளைகளையாவது தொழில் பழக அனுப்பலாம். அதில் ஒன்று பெண்பிள்ளையாக இருக்கட்டும். அவள் நம் கோவிலுக்கு வருபவளா, கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ போகிறவளா என்று பார்க்க வேண்டாம். திராட்சைத் தோட்டத்துத் தலைவர் அதைக் கேட்டதாக நற்செய்தியில் இல்லை. ஊரில் தொழில் நடத்தும் ஒருவரிடம் பங்கு மக்களே போய்ப் பேசி, முதல் மூன்று மாதப் படியை நாங்கள் தருகிறோம், அதன்பின் நீங்கள் தாருங்கள் என்று ஒப்பந்தம் எழுதலாம். சூசையப்பர் திருநாளன்று பூசை முடிந்தபின் பத்துப் பேர் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசினால் இதைத் தொடங்கிவிடலாம்.

அந்தப் பிள்ளை இன்னும் கருவாட்டு வாடியில்தான் நிற்கிறாள் என்று கேள்விப்பட்டேன். அவளுக்கு இன்னும் பொழுது சாயவில்லை. பதினோராம் மணிக்கும் வெளியே போய்க் கூப்பிட்ட தலைவரின் பிள்ளைகள் நாம். போய்க் கூப்பிடுவோம்.

தொழிலாளரான புனித சூசையப்பரே, உமது பட்டறையில் பழகிய திருமகனின் கையை நீர் அன்போடு பிடித்துத் திருத்தியதுபோல், எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் கைகளைப் பிடித்து நடத்த எங்களுக்குக் கற்றுத் தாரும். பழகுகிற கைக்குரிய அப்பத்தை மறுக்காத மனதை எங்களுக்குப் பெற்றுத் தாரும். ஆமென்.